லைட்வெயிட் அலாய் வீல்: வெர்டஸ், போலோக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபோக்ஸ்வாகனின் வெர்டஸ் ஜிடி, போலோ ஜிடி டிஎஸ்ஐ, அதே குடும்பத்து ஸ்கோடா ஸ்லாவியா வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இந்த வண்டிகளில் போல்ட் துளைகளின் அமைப்பும் நடுத்துளை அளவும் ஒன்றே என்பதால் சேர்த்தே பேசலாம். ஸ்விஃப்ட், ஐ20 என் லைன் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

வீல் எடை குறைந்தால் வண்டி எவ்வளவு வேகமாகும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. "சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் பாடியில் பத்து கிலோ குறைத்த மாதிரி" என்று கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்வார்கள். அது கணக்குக்கு நிற்காது.

சுழலும் பொருளை முடுக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. அதை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். சுழற்றுவதற்கான கூடுதல் பாரம், அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெர்டஸ் ஜிடியின் 205/55 ஆர்16 டயருக்கு (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச்) ஆரம் சுமார் 316 மி.மீ. பதினாறு இஞ்ச் ரிம்மின் விளிம்பு ஆரம் 203 மி.மீ. 203-ஐ 316-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.41 வரும், முன்னே நகர்த்துவதற்கான 1-ஐச் சேர்த்தால் 1.41. ஆக, ரிம்மின் வெளி விளிம்பிலேயே ஒரு கிலோ குறைத்தாலும் அது பாடியில் 1.4 கிலோ குறைத்ததற்குத்தான் சமம். ஸ்போக்கில் குறைத்தால் 1.1, 1.2 பக்கம்தான் வரும்.

இப்போது ஒரு சக்கரத்துக்கு இரண்டரை கிலோ வீதம் நான்குக்கும் பத்து கிலோ மிச்சப்படுத்துகிறீர்கள் என்று வையுங்கள். பலன் 14 கிலோவுக்குச் சமம். டிரைவரோடு சேர்த்து 1,350 கிலோ வண்டியில் அது ஒரு சதவீதம். நூறு கி.மீ. வேகத்தைத் தொட ஒன்பது விநாடி எடுக்கும் வண்டிக்கு 0.1 விநாடிகூட முழுசாகக் கிடைக்காது. டேங்கில் இருபது லிட்டர் பெட்ரோல் குறைவாகப் போட்டுக்கொண்டு போனாலும் இதே பலன்தான், செலவும் இல்லை.

அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு?

பலன் இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடையைத்தான் அன்ஸ்ப்ரங் வெயிட் என்கிறோம். சக்கரம், டயர், பிரேக் டிஸ்க், அதைக் கவ்வும் காலிப்பர், சக்கரத்தை மாட்டும் ஹப், சஸ்பென்ஷன் ஆர்மில் பாதி எல்லாம் சேர்ந்து இந்த அளவு வண்டியில் ஒரு மூலைக்கு முப்பது நாற்பது கிலோ வரும். அந்த முப்பது நாற்பதில் இரண்டரை கிலோ குறைவது பெரிய விஷயம்.

மேடு பள்ளத்தில் சக்கரம் மேலே எம்பி மறுபடி தரையைத் தொட எடுக்கும் நேரம் குறைகிறது. ஷாக் அப்சார்பருக்கு அடக்கவேண்டிய ஆட்டம் குறைகிறது. வளைவின் நடுவில் தார் ஒட்டுப்போட்ட இடம் வந்தால் வண்டி வெளியே துள்ளாமல் கோட்டில் நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் சட்டென்று கேட்கும். கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ ஏறி இறங்குபவர்களுக்கு இது கையில் தெரியும், ஸ்டாப்வாட்ச்சில் தெரியாது.

டயரின் எடையைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மேலே போட்ட அதே கணக்கை டயரின் தரை தொடும் பகுதிக்குப் போட்டுப் பாருங்கள். அது கிட்டத்தட்ட முழு ஆரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கிலோ குறைந்தால் 1.9 கிலோவுக்குச் சமம். அதாவது ரிம்மில் சேமிக்கும் கிலோவைவிட டயரின் மேல்பட்டையில் சேமிக்கும் கிலோவுக்கு மதிப்பு அதிகம். ஒரே அளவு டயரிலேயே பிராண்டுக்கு பிராண்ட், மாடலுக்கு மாடல் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. பெரும் பணம் கொடுத்து ஃபோர்ஜ்ட் வீல் வாங்கி, அதன்மேல் கனமான டயரைப் போட்டால் வாங்கியதில் பாதி போய்விடும்.

எடையை விடுங்கள், பிரேக் பிடிக்கும் தூரத்தையும் மழையில் வண்டி நிற்பதையும் தீர்மானிப்பது டயர்தான். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் ஸ்டாக் அலாயிலேயே, அதாவது கம்பெனி கொடுத்த சக்கரத்திலேயே, நல்ல டயர் போடுங்கள். என்னைக் கேட்டு வந்த பலருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. டயர் மாற்றினால் போட்டோவில் தெரியாதே!

16-லிருந்து 17 இஞ்ச் போகலாமா?

அழகுக்கு என்றால் போங்கள். ஓட்டத்துக்கு என்றால் வேண்டாம்.

ரிம் பெரிதானால் அதன் கனமான விளிம்பு நடுவிலிருந்து தள்ளிப்போகிறது, எடையும் கூடுகிறது. கம்பெனியில் வரும் 16 இஞ்ச் வார்ப்பு அலாய் பொதுவாக எட்டரை முதல் பத்து கிலோ வரை இருக்கும். சாதாரண 17 இஞ்ச் வார்ப்பு பத்தைத் தாண்டிவிடும். "லைட்வெயிட்" என்று போர்டு போட்ட 17-ஐ வாங்கி, கழற்றிய 16-ஐவிடக் கனமான சாமானை மாட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டயரின் பக்கச்சுவரும் குறைகிறது. 205/55 ஆர்16-ல் அது 113 மி.மீ. 215/45 ஆர்17-ல் 97. இந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான் பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கருக்கும் மழைக்குப் பிறகு திறந்துகொள்ளும் பள்ளத்துக்கும் உங்கள் ரிம்முக்கும் நடுவில் இருப்பது. 17-தான் வேண்டும் என்றால் 205/50 ஆர்17 பாருங்கள். மொத்த விட்டம் ஸ்டாக்கைவிட 0.8 சதவீதம்தான் கூடும், ஸ்பீடோமீட்டர் கணக்கும் பெரிதாகக் கெடாது.

ரேஸ் டிராக்குக்கு மட்டும் தனி செட் வைப்பவர்கள் சிலர் 15-க்கு இறங்குகிறார்கள். அது நல்ல யோசனை, ஆனால் காலிப்பர் ரிம்முக்குள் இடிக்காமல் சுற்றுகிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்த பிறகே மற்ற மூன்றுக்குப் பணம் கொடுங்கள். விட்டம் சரியாக இருந்தாலும் ஸ்போக்கின் உள்வளைவு காலிப்பரைத் தொடலாம்.

காஸ்ட், ஃப்ளோ ஃபார்ம்ட், ஃபோர்ஜ்ட்: எதை வாங்குவது?

காஸ்ட் என்றால் உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுப்பது. மலிவு. வலுவுக்காக உலோகத்தைக் கனமாக வைக்கவேண்டியிருக்கும்.

ஃப்ளோ ஃபார்மிங்கில் முதலில் வார்த்து, பிறகு சக்கரத்தைச் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி ரிம்மின் உருளைப் பகுதியை நீட்டுவார்கள். அந்தப் பகுதி மெலிந்தும் இறுகியும் வரும். ஸ்போக் பகுதி வார்ப்பாகவே இருக்கும். என்கெய் நிறுவனம் ஆர்பிஎஃப்1-ஐ இந்த வகையில்தான் செய்கிறது, 17×8 அளவில் ஏழு கிலோ சுமாருக்கு வரும். நம் கணக்கில் சுழற்சிக்குக் கனமாகப் படுவது உருளைப் பகுதிதான் என்பதால், எடை குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கும் முறை இது.

ஃபோர்ஜ்ட் என்பது திடமான அலுமினியக் கட்டியை ராட்சத பிரஸ்ஸில் அழுத்தி, பிறகு மிஷினில் கடைந்து எடுப்பது. ரேஸ் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த டிஇ37 இந்த வகைக்குப் பெயர் போனது. 15×6 அளவில் 3.7 கிலோ என்பதுதான் பெயரில் உள்ள 37. அடி விழுந்தால் ஃபோர்ஜ்ட் பெரும்பாலும் வளையும், வார்ப்பு விரிசல் விடும். வளைந்த சக்கரம் ஆட்டம் காட்டி எச்சரிக்கும். விரிசல் விட்டது சொல்லாமல் காற்றைவிடும்.

தினசரி ஓட்டத்துக்கும் வருடத்தில் சில தடவை டிராக்குக்கும் என்றால் நல்ல கம்பெனியின் ஃப்ளோ ஃபார்ம்ட் போதும். ஃபோர்ஜ்ட்டுக்கு இறக்குமதி வரியும் சேர்ந்து கொடுக்கும் விலை, 150 பிஎஸ் வண்டிக்கு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மெக்னீசியம்? கார்பன் ஃபைபர்?

மெக்னீசியம் அலுமினியத்தைவிட எடை குறைந்தது, ஆனால் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் அரிக்கும். ஈசிஆரில் தினமும் ஓடும் வண்டிக்கு ஆகாது. கார்பன் ஃபைபரை ஃபோர்டு ஷெல்பி ஜிடி350ஆர் கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்தது. நம் பட்ஜெட்டுக்குள் வராத பேச்சு.

பிசிடி, இ.டி., போர்: என்ன சரிபார்க்க வேண்டும்?

இங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மேலே பேசிய எடைக் கணக்கெல்லாம் வீண்.

பிசிடி, அதாவது போல்ட் வட்டத்தின் அளவு: போலோ, வெர்டஸ், ஸ்லாவியா எல்லாம் 5×100. ஆக்டேவியாவின் 5×112 உட்காராது. நடுவில் அடாப்டர் வைத்து உட்காரவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். ஸ்விஃப்ட்டும் ஐ20-யும் 4×100.

போர், அதாவது நடுத்துளை: நம் வண்டிகளுக்கு 57.1 மி.மீ. சுபாருவிலிருந்து கழற்றிய 5×100 சக்கரம் சல்லிசாகக் கிடைக்கும்போது ஆசை வரும். அதன் துளை 56.1. ஒரு மி.மீ. சிறியது, ஹப்பில் ஏறாது. வெளிச்சந்தை சக்கரங்களில் துளை 73.1 என்று பெரிதாகவே வைத்திருப்பார்கள். இடைவெளியை நிரப்ப 73.1–57.1 ரிங் போட வேண்டும். ரிங் இல்லாமல் மாட்டினால் சக்கரம் நடுவில் உட்காராது, எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் எண்பது, நூறில் ஸ்டியரிங் அதிரும். டிராக்குக்குப் போகிறவர்கள் அலுமினிய ரிங் வாங்குங்கள். பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் ரிங் உருகிப்போகும்.

இ.டி. எனப்படும் ஆஃப்செட்: சக்கரம் ஹப்பில் உட்காரும் முகம், சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 6ஜே (6 இஞ்ச் அகலம்), இ.டி. 40 சக்கரத்தைக் கழற்றி 7ஜே, இ.டி. 35 மாட்டுகிறீர்கள். அகலம் ஒரு இஞ்ச் கூடியது, பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆஃப்செட் ஐந்து குறைந்ததால் மொத்தமும் ஐந்து மி.மீ. வெளியே வரும். ஆக வெளிப்பக்கம் 17.7 மி.மீ. துருத்தும், உள்பக்கம் 7.7 மி.மீ. நுழையும். வெளியே ஃபெண்டர், உள்ளே ஷாக் அப்சார்பர், இரண்டிலும் அந்த இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும். ஆஃப்செட்டை ரொம்பக் குறைத்தால் முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஸ்டியரிங் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையைப் பிடித்து இழுக்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். ஸ்டாக் எண் என்ன என்று யாரையும் கேட்க வேண்டாம், சக்கரத்தின் பின்பக்கம் வார்த்தே வைத்திருப்பார்கள்.

பழைய போல்ட்டையே போடலாமா?

கேட்டதற்கு நன்றி. இதைக் கேட்காமல் ஓட்டுகிறவர்கள்தான் ஆபத்து.

ஃபோக்ஸ்வாகன் குடும்ப வண்டிகளில் ஸ்டட், நட்டு கிடையாது, எம்14×1.5 போல்ட்தான். கம்பெனி போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டை வடிவம் இருக்கும். வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் அறுபது டிகிரி கூம்பு. கூம்புக் குழியில் உருண்டைப் போல்ட்டை முடுக்கினால் மெல்லிய கோடு போல ஒரே வட்டத்தில்தான் தொடும். முடுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியாக இறுகியதாகக் காட்டும், நாலு நாளில் போல்ட் தளரும். எனவே சக்கரத்தோடு அதற்குப் பொருந்தும் போல்ட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

நீளமும் முக்கியம். ஹப்புக்குள் ஏழெட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். ஓவர் நீளமாக இருந்தால் பின்னால் எதையாவது உரசும். சக்கரத்தை மாட்டி, வண்டியை ஜாக்கியிலேயே வைத்துக் கையால் சுற்றிக் காதுகொடுத்துக் கேளுங்கள். போல்ட்டை முடுக்க வேண்டிய அளவு போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் அடித்து முடுக்கும் கடையில் கடைசி முடுக்கை டார்க் ரெஞ்ச்சால் செய்யச் சொல்லுங்கள். நூறு கி.மீ. ஓடியபின் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும்.

ரெப்ளிகா வாங்கினால் என்ன தப்பு?

டிசைனைக் காப்பி அடிப்பது சுலபம், உலோகத்தையும் வேலைப்பாட்டையும் காப்பி அடிப்பது கஷ்டம். டிஇ37 போலவே ஆறு ஸ்போக் வைத்திருக்கும், தூக்கிப் பார்த்தால் ஸ்டாக்கைவிடக் கனமாக இருக்கும். அதாவது நீங்கள் எதற்காக மாற்றப் போனீர்களோ அதற்கு நேர் எதிர். சிலதில் எடையைக் குறைத்திருப்பார்கள், அது இன்னும் பயம், வலுவையும் சேர்த்துக் குறைத்திருக்கலாம்.

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16192 அலாய் சக்கரங்களுக்கான தரம். ஜப்பான் சக்கரங்களில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரை இருக்கும். முதலாவது தயாரிப்பாளரே தரத்துக்கு உட்பட்டதாகச் சொல்வது, இரண்டாவது வெளியார் சோதனை. இந்த எழுத்துக்களையும் சேர்த்து வார்க்கும் ஆட்கள் உண்டு என்பதால், முத்திரையை மட்டும் நம்பாமல் பில் கொடுக்கும் டீலரிடம் வாங்குங்கள்.

சுமைத் திறன் எண்ணையும் பாருங்கள். கார் மேனுவலில் முன் அச்சுக்கு அனுமதித்த அதிகபட்ச எடை 900 கிலோ என்று இருந்தால் ஒரு சக்கரம் 450 கிலோவாவது தாங்க வேண்டும். எண்ணே இல்லாத சக்கரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கடைக்காரர் சொல்லும் எடை உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினைக் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் மட்டும் ஏறி ஒரு தடவை, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை. கழித்தால் வருவதுதான் எடை. முதலில் உங்கள் ஸ்டாக் சக்கரத்தையும் டயர் இல்லாமல் இப்படி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் "லைட்வெயிட்" என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. அளக்க விடமாட்டேன் என்கிற கடையில் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

டிராக்குக்குக் கொண்டுபோகும்போது தனியாக என்ன பார்க்க வேண்டும்?

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேர்கோட்டு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது சக்கரம் முழுக்கச் சூடேறும். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே அதைவிடச் சின்னது, 2.1 கி.மீ.தான், வளைவுக்கு மேல் வளைவு. இரண்டிலும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில், கொஞ்சம் ஆறவிட்டு, போல்ட் முடுக்கைப் பாருங்கள். டிராக் ஓரத்துக் கட்டையில் (கர்ப்) ஏறியிருந்தால் ரிம்மின் உள்விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வளைந்த அலாயை அடித்து நேராக்கலாமா?

உள்விளிம்பில் லேசான வளைவு என்றால் தெரிந்த இடத்தில் நேராக்கலாம், பின் வரிசைக்கு மாற்றி ஓட்டலாம். விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். அலாய்க்கு வலு கொடுத்த வெப்பப் பதனத்தை வெல்டிங் சூடு அந்த இடத்தில் அழித்துவிடும்.

போலீஸ், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் தொல்லை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே சொன்னது. உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டில் கம்பெனியே கொடுத்த சக்கர, டயர் அளவோடு நின்றால் பேச்சுக்கு இடம் குறைவு. சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதுதான் முதலில் கண்ணில் படும்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அலாயை அக்சஸரி என்று பில்லோடு சேர்த்துச் சொல்லுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடும். சொல்லாமல் விட்டால் திருடு போனாலும் அடிபட்டாலும் ஸ்டாக் சக்கரத்தின் மதிப்புதான் பேசுவார்கள். வாரன்ட்டி காலத்தில் சஸ்பென்ஷன், பேரிங் புகார் வந்தால் சர்வீஸ் சென்டர் முதலில் கை காட்டுவதும் புது அலாயைத்தான்.

ஸ்டாக் அலாயை விற்றுவிடலாமா?

வேண்டாம். வண்டியை விற்கும்போது ஸ்டாக் சக்கரத்தோடு விற்று, லைட்வெயிட் செட்டைத் தனியாக விற்றால்தான் காசு வரும். பழைய போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு டிக்கியிலேயே வையுங்கள். ஸ்டெப்னி கம்பெனி சக்கரம், அதற்கு உருண்டைப் போல்ட்தான் பொருந்தும். ராத்திரியில் திண்டிவனம் பைபாஸில் பஞ்சராகி, கையில் கூம்புப் போல்ட் மட்டும் இருந்தால் ஸ்டெப்னி இருந்தும் இல்லாத கதைதான்.